இருபத்து மூன்று துளைகள்

மாமா கழிப்பறைக்குள் போனால்
மூன்று சத்தம் கேட்கும்.
முதலில் பிளஷ், சளி கட்டிய தொண்டை செருமுவதுபோல்.
பிறகு நீண்ட காத்திருப்பு. அதுவும் ஒரு சத்தம்தான்.
பிறகு வாளி.

முட்டியில் தையல் பிரித்து ஆறு வாரம்.
வெஸ்டர்ன் இருக்கிறது என்பதற்காகவே
குமாரசாமிப்பேட்டையில் இந்த வீட்டைப் பிடித்தோம்.
எழுபத்தெட்டில் கட்டியது. நெற்றியில் சிமெண்டில் வருடம் உண்டு.
ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் வாளி,
வெளியே வந்து என் முகம் பாராமல்
"தண்ணி நல்லாத்தான் போவுதும்மா" என்பார்.

ஓனர் திம்மராயன் ஓசூரில். போனில் சொன்னார்:
"பழைய வீடு. அது அப்படித்தான் வரும்."
பிளம்பர் அன்வர்பாஷா குனியாமலே பார்த்தார்:
"உடைச்சுட்டுப் புதுசு வச்சிரலாங்க. பன்னெண்டாயிரம்."
நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற கை.

நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள்.
பாலக்கோடு, பென்னாகரம், மொரப்பூர் என்று
லேபிள் ஒட்டிய பாட்டில்கள் வரும்.
சொட்டுச் சொட்டாக விடுவேன்
ஒயின் சிவப்பு சட்டென்று நீலமாகும்வரை.
கடினத்தன்மை இவ்வளவு. ஃபுளோரைடு இவ்வளவு.
கையெழுத்து, முத்திரை, அடுத்த பாட்டில்.
சோதிக்காத முடிவில் கையெழுத்துப் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாமா தூக்கம்.
ஒரு வாளி நீரைக் கோப்பைக்குள்
ஒரே மூச்சில் கவிழ்த்தேன்.
மடக்கென்று விழுங்கியது.
ஆக, கீழே குற்றமில்லை.
குழாய் அடைக்கவில்லை, கொல்லைத் தொட்டி நிரம்பவில்லை.
இத்தனை நாள் அந்த வாளியே
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பீங்கான் மூடியைத் தூக்கினேன்.
மிதவைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்,
மணல் நிரப்பி, இறுக மூடி.
எந்த வறட்சியிலோ
லாரிக்குக் குடத்தோடு நின்ற யாரோ
தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம் பிடித்திருக்கிறார்.
திட்ட வாய் வரவில்லை.
கறிவேப்பிலைத் தொட்டியோரம் வெயிலில் வைத்தேன்.
மிதவைக் கம்பியை இரண்டு விரல் உயர்த்தினேன்.
இழுத்தேன்.
தேவலை. கொஞ்சம்தான் தேவலை.

கைக்கண்ணாடியைக் கோப்பை விளிம்புக்கு அடியில் பிடித்து
டார்ச் அடித்தேன்.
ஈறோரக் காரைபோல், மஞ்சள் ஏறிய வெள்ளை.
நீர் இறங்க வேண்டிய துளைகள்
இருபத்து மூன்று. விரலால் தடவி எண்ணினேன்.
திறந்திருந்தவை ஏழு.

குடிக்க ஒகேனக்கல் தண்ணி, மற்றதெல்லாம் போர்.
ஊரூராய் நான் எண்ணாக எழுதிய சுண்ணாம்பு
என் வீட்டில் கல்லாகவே உட்கார்ந்திருக்கிறது,
முத்திரைக்குக் காத்திராமல்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கால் கிலோ.
"ஊறுகாயா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.
வெந்நீரில் கரைத்து, தொட்டிக்குள் நிற்கும் வழிகுழாயில்
மெல்ல ஊற்றினேன்.
மிச்சத்தில் பழைய துணி நனைத்து விளிம்படியில் திணித்தேன்.
நுரைத்தது. காது வைத்தால் சோடா உடைத்த சத்தம்,
எங்கோ நாலு தெரு தள்ளி.

மாலை நாலு மணி. மண்டியிட்டேன்.
வண்டியின் பழைய பிரேக் ஒயரில் ஓர் இழை உருவி
ஒவ்வொன்றாகக் குத்தினேன்.
எட்டாவது உதிர்ந்தது. ஒன்பது, பத்து சுலபம்.
பதினான்காவது இருபது நிமிடம் வாங்கியது.
முட்டி வலித்தபோது மாமாவின் முட்டி ஞாபகம் வந்தது;
எழுந்திருக்கவில்லை.
பின்பக்கத்தில் ஒன்று கடைசிவரை மசியவில்லை.
இருபத்திரண்டு. போதும்.

ராத்திரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.
கத்தியை நிறுத்தினேன்.

பிளஷ்.
சுற்றிச் சுழன்று, இழுத்து, ஒரு முழு விழுங்கல்.
பிறகு காத்திருப்பு. பழக்கதோஷம்.
பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

மாமா ஊன்றுகோலோடு நின்றார். மறுகை சும்மா இருந்தது,
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டைப் பிடித்தது.

"தண்ணி நல்லா போவுதும்மா" என்றார்,
அந்தத் 'தான்' இல்லாமல்.