ஏழடி

வைனோ ஹாப்பலாவின் வைக்கோல் பாதைக்கு அடியில்
ஒரு குழாய் துருவேறி வாய்பிளந்து கிடந்தது.
அதை மாற்ற அவர் அனுமதி கேட்டது
போன வருடத்துக்கு முந்தைய ஏப்ரலில்.
மாநிலத்துக்கு ஒரு விண்ணப்பம், என் மேசையில்.
கூட்டரசுக்கு இன்னொன்று,
செயின்ட் பாலில் டார்லா ராஸ்மஸன் மேசையில்.

என் படிவம் கேட்டது: இங்கே ஈரநிலம் உண்டா?
அவள் படிவம் கேட்டது: இந்த ஈரம் எந்த ஆற்றில் போய்ச் சேருகிறது?
தண்ணீரின் தரத்துக்கென்று மூன்றாவது ஒன்று.
அது என் அலுவலகத்திலேயே, இரண்டு மாடி மேலே;
லிஃப்டில் ஏறாமல்
தபாலில் போய்த் தபாலில் வந்தது.

மூன்றுக்கும் ஹாப்பலா ஒரே பதில்தான் எழுதியிருந்தார்,
பென்சிலால், பெரிய எழுத்தில்:
வந்து பாருங்கள். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் மே மாதம் போனேன்.
துளைப்பானைத் திருகி இறக்கினால்
உறிஞ்சும் சத்தத்தோடு வந்தது மண்.
நிற அட்டையில் வைத்துப் பார்த்தேன்:
சாம்பல், நடுவே துருப் புள்ளிகள்.
நீர் வெகுநாள் குடியிருந்த மண் பொய் சொல்லாது.
இளஞ்சிவப்புக் கொடிகளை வரிசையாக நட்டேன்.
கொசுக்கள் என்னைக் கடித்தன,
எந்த அரசின் ரத்தம் என்று விசாரிக்காமல்.

செப்டம்பரில் டார்லா வந்தாள். நீலக் கொடிகள்.
இரண்டு வரிசைக்கும் நடுவே
ஏழடி.

அந்த ஏழடிக்கு எத்தனை கடிதம்!
என் கணக்கில் இருபத்தொன்று, அவள் கணக்கில் பத்தொன்பது.
அதிலும் ஒத்துப்போகவில்லை.

குழாய் கடிதங்களைப் படிக்கவில்லை.
இரண்டாவது மார்ச்சின் கடைசியில் பனி ஒரே இரவில் இளகி
பாதையை அறுத்துக்கொண்டு போனது,
டிராக்டர் சக்கரம் ஒன்று முழுதாய்ப் புதையும் ஆழத்துக்கு.
மூன்று படிவங்களும் எதைத் தடுக்கப் பிறந்தனவோ
அந்தச் சேறு ஓடையில் இறங்கி
போன இலையுதிர் காலத்தில் மீன் இட்ட முட்டைகளின் மேல் படிந்தது.
அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் புதிய ஏற்பாடு.
ஒரு படிவம், ஒரு நடை, ஒரு கோடு.
ஜூனில் இருவரும் ஒரே வண்டியில் போனோம்.
பதினொரு வருடமாக அவள் கையெழுத்தைத் தெரியும்;
இடதுகைக்காரி என்பது
தெர்மாஸை அவள் திறந்தபோதுதான் தெரிந்தது.

ஒரு வரிசையைப் பிடுங்க வேண்டும். யாருடையதை?
நீ வெள்ளத்தைப் பார்த்தாய், நான் வறட்சியைப் பார்த்தேன் என்றாள்.
சரிதான்.
இரண்டு கொடிக்கும் நடுவே நின்றேன்,
பழமொழியில் சொல்வதுபோல
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
இடுப்பளவு கோரை.

இது எப்போது முளைத்தது என்று ஹாப்பலாவைக் கேட்டோம்.
அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"உங்கள் இருவரில் யாருக்குப் பயப்படுவது என்று தெரியவில்லை.
இரண்டு வருடமாக அந்தத் துண்டில் மட்டும் புல் அறுக்கவில்லை."

எங்கள் தகராறு வளர்த்த கோரை.
உள்ளே ஏதோ ஒரு சின்னப் பறவை
தையல் மெஷின் ஓடுவதுபோல் கத்திக்கொண்டிருந்தது.

டார்லா குனிந்து தோண்டினாள்.
ஒன்பது அங்குலத்தில் சாம்பல் வந்தது.
ஒன்றும் பேசாமல் நீலக் கொடிகளை ஒவ்வொன்றாக உருவி
கட்டி என்னிடம் கொடுத்தாள்.

வெற்றி என்று தோன்றவில்லை.
அடுத்த சதுப்பில் நான் ஏழடி பிசகினால்
யார் வந்து நீலம் நடுவார்?
கேட்கவில்லை. வண்டிக்குப் பின்புறம்
ஹாப்பலா பானெட் மேல் காகிதத்தை விரித்து
ஒரு கையெழுத்து போட்டுவிட்டு
பென்சிலைக் கீழே வைக்காமல் நின்றார்.
இன்னொன்று எங்கே என்று
காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.