நான்காம் கட்டிலுக்குப் பக்கத்து சிங்க்

நுவரெலியாவில் தை மாதம்
பைப் தண்ணீர் பல்லால் கடிக்கும்.
கை கழுவுங்கள் என்று சொல்வதுதான் என் உத்தியோகம்.
சுவரில் ஒட்டிய ஆறு படங்களுக்குக் கீழே
வெடித்த விரல்களை நீட்டிக் காட்டுவார்கள் நேர்ஸ்மார்,
கோர்ட்டில் சான்று வைப்பதுபோல்.

நான்காம் கட்டில், பவளக்கொடி.
முப்பத்தெட்டு வயது. குளவிக் கொட்டு.
நாற்பது தடிப்புவரை எண்ணி நிறுத்திவிட்டோம்.
குளவியை அவள் ஜெயித்தாள்.
ஆறாம் நாள் தொண்டைக் குழாயை எடுக்க இருந்தோம்.
ஐந்தாம் நாள் இரவு
சளி பச்சையானது.

பிறகு இரண்டாம் கட்டில். பிறகு ஏழு.

ஆய்வுகூடத்தில் நஸ்மியா
தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.
ஒவ்வொரு மருந்து வில்லையைச் சுற்றியும்
ஒரு வெறும் வட்டம் இருக்க வேண்டும்,
கிருமி பின்வாங்கிய இடம்.
இல்லை.
ரோட்டு விளிம்புவரை தேயிலை நட்டதுபோல்
வில்லையின் ஓரம்வரை பச்சை.
"ஒரு மருந்துதான் மிச்சம் மிஸ்," என்றாள்,
"அதுவும் கிட்னியைத் தின்னும்."

யாருடைய கை என்று தேடினோம்.
தேடும்போதே எல்லோரும்
அடுத்தவர் கையைப் பார்த்தோம்.
கட்டில் கம்பி, மெஷின் பொத்தான், திரைச்சீலை,
டொக்டர் விமலசூரியவின் ஸ்டெதஸ்கோப்.
பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஒற்றி
நாற்பத்தொரு குப்பி. நாற்பதில் ஒன்றுமில்லை.

நாற்பத்தோராவது, சிங்க்கின் வாய்.

பிளம்பர் ஆரியதாச குனிந்து
வளைவுக் குழாயைக் கழற்றினார்.
கறுப்பாய், கொழகொழவென்று,
ஒரு கை நீளத்துக்கு ஒரு குடியிருப்பு.
பார்த்துவிட்டு
உடைந்த தமிழில் சொன்னார்:
"மிஸ், இது டீ தானே."

சீனி போட்ட பால் டீ.
விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் அடித்தால்
பாதி குடித்து ஆறிப்போனதை
எங்கே ஊற்றுவோம்?
போன வருடம்வரை நானும் இங்கே நைட் செய்தவள்.
நான் எங்கே ஊற்றினேன்?

பைப்பைத் திறந்தால் தண்ணீர் அடியைத் தொட்டு
எகிறித் தெறிக்கும்,
நான்காம் கட்டிலின் மருந்துத் தட்டுவரை.
அந்தத் தூரத்தை அன்றுதான் அளந்தேன்.
இரண்டே முக்கால் அடி.

அவள் பறித்த கொழுந்தாகவும் இருக்கலாம்.
அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்றாள் நஸ்மியா.
நினைத்தேன்.

சிங்க்கைப் பெயர்த்தெடுத்துச் சுவரை அடைத்தார்கள்.
இரண்டு வீட்டுக்குப் போனது. ஏழும் போனது,
ஒரு பக்கம் சாய்ந்தபடி, நடந்தே.

பவளக்கொடியின் புருஷன்
உடலைப் பொறுப்பேற்கக் கையெழுத்துப் போடுமுன்
வாசலில் இருந்த போத்தலை அழுத்தி
இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல்.
யாரும் சொல்லவில்லை.
பதினொரு நாள் வாசலில் நின்றவர்
படங்களை வாசித்திருக்கிறார்,
ஆறாவது வரை.