ஒன்றரை இஞ்ச்

கார் ஷெட் நீளம் இருபதடி.
ஆல்டோவுக்குப் பன்னிரண்டரை போக
எனக்கு ஏழரை.
"ஏழரை வேண்டாம்மா" என்றார் உச்சிமாகாளி அண்ணாச்சி.
"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, சரி.
கோடு போடுறவன் நான்லா?"
வண்டிப் பக்கமிருந்து மூன்று இஞ்ச் எடுத்து
ஏழே முக்காலில் நூலைச் சுண்டினார்.
பழைய ஆயில் கறையின் நடுவே நீலக்கோடு விழுந்தது.
இனி ஷட்டர் இறங்கும்போது
பின் பம்பரை ஒரு விரல் விட்டுத் தாண்டும்.
டார்வின் குனிந்து பார்த்துவிட்டு
"போதும், போதும்" என்றார்.
எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

தூர தேசத்து ஆஸ்பத்திரி பில்களுக்கு
எண் போடுகிறவள் நான்.
உடைந்த மணிக்கட்டுக்கு ஒரு எண்,
அது குளியலறையில் உடைந்ததற்கு இன்னொன்று.
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டவரை
மிக்ஸி ஓடியது, ஊசிக்கோபுர மணி அடித்தது,
திருச்செந்தூர் பஸ்ஸெல்லாம்
என் மைக் வழியாகத்தான் போயின.
"ரோட்டிலா உட்கார்ந்திருக்கிறாய்?" என்று
சிரித்துக்கொண்டே மூன்று முறை கேட்டுவிட்டார்கள்.

பாளையங்கோட்டைச் சித்திரையில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரை உச்சந்தலையில் கைவைத்து அழுத்தும்.
சட்டம் அடித்து இடையில்
மஞ்சள் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தார்கள்.
செந்தட்டி பட்டதுபோல் அரிக்கும் என்று
முழங்கைவரை தேங்காய் எண்ணெய் தடவி,
முகத்தில் துண்டு கட்டி,
அண்ணாச்சியும் அவர் மருமகனும்
கொள்ளைக்காரர்கள் மாதிரி வேலை பார்த்தார்கள்.
மேலே வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்பலகை,
அதற்குக் கீழே ஜிப்சம்,
அடுக்களைப் பக்கம் ஒரு கதவு, விளிம்பெல்லாம் ரப்பர்.
என்னை உள்ளே வைத்துச் சாத்திவிட்டு
"ஏ எப்சிபாம்மா" என்று கத்தினாராம்.
எனக்குக் கேட்கவில்லை.
"அம்புட்டுத்தான். போட்ட காசு வசூல்."

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
நெட் வயருக்கென்று தடுப்பில் துளைத்தது ஒன்றரை இஞ்ச்.
வயரோ அரைகூட இல்லை.
"இந்த டப்பாவ அமுக்குனா நுரை பொங்கி
தானா அடச்சிக்கிடும். காஞ்சதும் சீவி விட்ருங்க."
ஏசிக்கும் நாற்காலிக்கும் அமைதிக்கும்
நான் பழகிக்கொண்டிருந்த மூன்று வாரமும்
டப்பா மேசைக்கடியில் சீல் பிரியாமல் நின்றது.

ஒரு செவ்வாய், மணி மூன்றரை.
ஹெட்போனைக் கழற்றிய காதில்
சுவர் பேசியது.

"பதினோரு வருசம் சார். டைல்ஸ் லைன்.
தென்காசி, அம்பை, வள்ளியூர், எல்லா டீலரும் பழக்கம்.
ஏஜென்சிய மூடிட்டாங்க சார். பிப்ரவரில."

பிப்ரவரியில்.
இது மே.
தினமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு
வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பி
ஆறரைக்கு "வந்துட்டேன்" என்று
வாசல்வழி வருகிறவர்.

போனில் யாரிடமோ என்று நினைத்தேன்.
பதிலுக்கு இடம் விடாமல்
அதையே முதலிலிருந்து தொடங்கினார்,
'மூடிட்டாங்க'வைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து.
பிறகு இன்னொரு தடவை, நடுவில் ஒரு சிரிப்பைச் சேர்த்து.

ஷட்டர் முக்கால் இறங்கியிருக்கும்.
அந்தப் பக்கக் கூரைக்குப் பஞ்சும் இல்லை, பலகையும் இல்லை.
கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு
சட்டை முதுகோடு ஒட்ட
ஸ்டியரிங்குக்கு இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருக்கிறார்.
எனக்கு இங்கே இருபத்தாறு டிகிரி.

டேபிள் ஃபேனைத் திருப்பி
ஓட்டைக்கு நேரே வைத்தேன்.
ஒன்றரை இஞ்ச் வழியாக எவ்வளவு குளிர் போகும்?
அண்ணாச்சியைக் கேட்டால் கணக்குச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

"பதினோரு வருசம் சார்…"

"பன்னெண்டுன்னே சொல்லுங்க" என்றேன் ஓட்டையிடம்.
"நாலு மாசந்தான குறைவு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் ஹாரன்,
முழங்கை தவறிப் பட்டதுபோல்,
சின்னதாக, ஒரு தடவை.