தண்ணீர் மட்டும்

கீழாநெல்லிக்கு மலாயில் டுக்கோங் அனாக் என்று பெயர்:
பிள்ளையை முதுகில் சுமப்பவள்.
இலையைத் திருப்பினால் தெரியும்,
காம்பின் அடியில் வரிசையாய்க் கடுகளவு காய்கள்.
நாம் கீழே என்றோம், அவர்கள் முதுகு என்றார்கள்.
டாக்டர் நோர்ஹயாத்தியின் பதிவேட்டில்
அதற்கு ஓர் எண்தான் உண்டு.

மாதம் இரண்டு முறை மூட்டை வரும்.
கழுவுவது நான். நிழலில் உலர்த்துவது நான்.
எத்தனாலில் ஊறவைத்து
சுழலும் குடுவையில் வற்றவைத்தால்
பதினோரு கிலோ பச்சை
தார்போல ஒரு கைப்பிடி ஆகும்.
ஒருநாள் விரலில் பட்டதை நக்கிப் பார்த்தேன்.
சாயங்கால டீ வரைக்கும் கசந்தது.
பதிவேட்டில் எழுதவில்லை.

கருவியில் செலுத்தினால்
பதினாறாம் நிமிடம் திரையில் ஒரு முகடு எழும்.
"பிலாந்தின்" என்பார் டாக்டர்,
பஸ் நேரத்துக்கு வந்துவிட்டதுபோல.
அதற்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன மேடுகள்
பெயரில்லாமல் நிற்கின்றன.
எது ஈரலைத் தொடுகிறது, எது வெறும் பச்சை,
இன்னும் தெரியாது.

கூண்டுகள் ஆறு.
எல்லா எலிக்கும் பித்தநாளத்தைக் கட்டியாயிற்று
பட்டுநூலால், என் கண்முன்னே.
நாலாம் நாள் காதோரம் மஞ்சள் படியும்.
ஐந்து கூண்டுக்குச் சாறு, அளவு கூட்டிக் கூட்டி.
ஆறாம் கூண்டுக்குத் தண்ணீர் மட்டும்.
அதே குழாய், அதே நேரம், அதே கை.

சுங்கை டுவா, ஒன்பதாம் மாடி.
இரவு இரண்டு மணிக்குத் தவமலர்
சீப்பால் உள்ளங்காலைச் சொறிகிறாள்.
பித்தம் போக வழியில்லாமல்
தோலுக்கடியில் நடக்கிறது.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
கேட்டுப் பார்த்தேன்.
"பாலத்து வெளக்கு வெள்ளையாத்தான் இருக்கு.
ஒங்க கைலி நீலம்தான்.
பழமொழி சொன்னவனுக்குக் காமாலையே வந்திருக்காது."

ஜி.எச்.சில் எண் எடுத்துக் காத்திருந்து
வாங்கி வரும் மாத்திரை, நாளைக்கு நாலு.
முதலில் அதைக் கரடியின் பித்தத்தில்தான் கண்டார்களாம்.
நான் சொல்லியிருக்கக் கூடாது.
இப்போது தொழிற்சாலையில் செய்வது என்று
மூன்று முறை சத்தியம் செய்தபிறகு விழுங்கினாள்.

"எலிக்குக் குடுக்கறத
எனக்கும் ஒரு மூடி கொண்டாங்களேன்."

எலிக்குக் கிலோவுக்கு இருநூறு மில்லிகிராம்.
இவள் ஐம்பத்து மூன்று கிலோ.
ஜெலுத்தோங் நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றபடி
பெருக்கினேன். மனிதருக்கென்று
ஆறு சொச்சத்தால் வகுத்தேன்.
விடை வந்தது.
இறங்க வேண்டிய நிறுத்தமும் வந்தது.
கொண்டு போகவில்லை.

ஒரு சனிக்கிழமை
அடுப்படித் தொட்டியின் சல்லடையில்
மண்ணோடு நாலைந்து மெல்லிய வேர்கள்.
மூன்று வாரமாம். பிளாக்குக்குக் கீழே, சாக்கடையோரம்,
சிமெண்ட் வெடிப்பில் தானாக முளைத்தது.
மோரில் அரைத்து,
நான் வேலைக்குப் போனதும்.
களைக்கொல்லி அடிப்பவன் வரும் நாள் எது என்று
அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

போன மாத ரத்தத்தில் எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
மாத்திரையா?
மோரா?
காய்ச்சல் தானாக இறங்குவதுபோல்
சும்மா இறங்கியதா?
என் வீட்டில் ஒரே ஒருத்திதான்.
இவளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க
தண்ணீர் மட்டும் குடித்த இன்னொரு தவமலர் இல்லை.

"கிளினிக்ல எலையப் பத்திச் சொல்லிடு,
ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஆகாமப் போகலாம்" என்றேன்.
"நீங்க நக்கிப் பாத்தத
ஒங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.
சிரிப்பு வந்தது இருவருக்கும்.
சிரித்துக்கொண்டே சொறிந்தாள்.

திங்கட்கிழமை
ஆறாம் கூண்டுக்குரிய தண்ணீரை
காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன்.
அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.
அதையும் எழுதவில்லை.