குறை முழுக்கள்

கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ஒரு கோடு இழுத்தேன்.
நடுவில் சைபர்.
வலப்பக்கம் மிகை முழுக்கள், இடப்பக்கம் குறை முழுக்கள்.
நேரான கோடு. எனக்கே பிடித்திருந்தது.

சோமனூர் ரோட்டில் எங்கள் பள்ளிக்கு
மூன்று பக்கமும் விசைத்தறி.
கௌசிக்கின் காதுமெஷின்
என் குரலையும் பெரிதாக்கும், தறியையும் பெரிதாக்கும்.
தறி ஜெயிக்கும்.
மிதுனாவுக்குக் கரும்பலகை ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான்.
ஆடி மாதம் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஜமுனா நாயக்
நான் சிரித்தால் சிரிப்பாள்.
சர்வேஷ் பெஞ்சுக்கு அடியில் இருந்தான்.

"புரிஞ்சுதா?"
"புரிஞ்சுதுங் டீச்சர்."
முப்பத்தொரு பேரும் ஒரே குரலில்.
அந்தக் குரலைப் பதினாறு வருஷமாக நம்பி வந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி நோட்டுத் திருத்தினேன்.
மைனஸ் ஐந்து, மைனஸ் இரண்டைவிடப் பெரியதாம்.
பத்தொன்பது நோட்டில்.
அதில் பதினாறு பேருக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை
தறிக்குடோனில் போய்க் கயிறு கேட்டேன்.
"எதுக்குங் டீச்சர்?"
"கணக்குக்குங்க."
ஆறுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டே அறுத்துக் கொடுத்தார்,
காசு வாங்கவில்லை.
முழத்துக்கு ஒரு முடிச்சு.
சைபருக்கு ஒரு பெரிய கோட்டுப் பொத்தான்.
மேலே போகும் முடிச்சில் வழவழப்பாய்ப் பனியன் துணி,
கீழே போகும் முடிச்சில் சாக்கு.
மாடிக் கைப்பிடியில் கட்டி
வறண்டு கிடந்த தரைத்தொட்டிக்குள் இறக்கினேன்.
தரைதான் சைபர்.
ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டுப் புழுதி பார்த்த ஊருக்கு
கீழ்நோக்கி எண்ணுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கள், பதினொரு மணி.
டீக்குத் தறி நிற்கும் பன்னிரண்டு நிமிஷம்.
வாயால் சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட்டேன்,
அட்டையில் எழுதியும் தொங்கவிட்டேன்.
மிதுனா முடிச்சு முடிச்சாக ஏறினாள்.
சர்வேஷ் ஏழு தடவை ஏறி இறங்கினான்,
எட்டாவது தடவை பாதியில் நின்றான்:
"அப்ப, எறங்கறதுதான் கழித்தலுங்களா?"
ஜமுனா சாக்கு முடிச்சைத் தடவிப் பார்த்து
"ருண" என்றாள்.
எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.
கடன்.
அவள் அப்பா மில்லில் வாங்கிய முன்பணம்
எத்தனை முடிச்சு ஆழமென்று
அவளுக்கு முன்பே தெரியும்.

நான் கொஞ்சம் பூரித்துத்தான் நின்றிருந்தேன்.

படிக்கட்டின் அடியிலிருந்து
காலிப்பர் மாட்டிய காலோடு ஹரிணிகா கேட்டாள்:
"நான் எந்த நெம்பர்ல நிக்கட்டுங் டீச்சர்?"

படிக்கட்டை நான் யோசிக்கவே இல்லை.
ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட கை,
அவள் பெயரைத் தினமும் வருகைப் பதிவேட்டில் எழுதும் கை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கயிற்றை அவிழ்த்தேன்.

வராந்தாச் சுவரில், இடுப்பு உயரத்தில்.
யாருடைய இடுப்பு?
கட்டும் முன் அவளை நிற்கவைத்து அளந்தோம்.
சைபரை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன்.
"எங்க வேணும்னாலும் வையுங்க.
வச்சதுக்கப்பறம் நகத்தாதீங்க."

படுத்த கயிற்றில் ஆழம் இல்லையென்று
சர்வேஷுக்குக் கோபம்.
அவன் மட்டும் இன்னும் மாடிப்படியில்தான் கழிக்கிறான்,
விட்டுவிட்டேன்.
கௌசிக்குக்கு இன்னும் ஒன்றும் சரியாக அமையவில்லை.
பன்னிரண்டு நிமிஷம் அவனுடையது,
மிச்ச நாள் தறியுடையது.
முதல் ரேங்க் வாங்கும் நித்திலன்
யாரும் இல்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு
கயிற்றைப் பிடித்து நடப்பதைப் பார்த்தேன்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

நேற்று ஹரிணிகா
பாடத்தின் தலைப்பை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
குறை. முழு.
"கொறையா, முழுசா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங் டீச்சர்."

டீ முடிந்து தறி ஓடத் தொடங்கியிருந்தது.
பாதிப் பேருக்கு அது காதில் விழவில்லை.
அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த கௌசிக்தான்
முதலில் சிரித்தான்.