தன் குரல் மட்டும்

முக்கூடல் பீடிக் கம்பெனி.
சனிக்கிழமை, சம்பள நாள்.
கவுண்டரில் மூன்று கணினியும்
சர்வர் கிடைக்கவில்லை என்று ஒரே பல்லவி.

பின்னறையில், இலைமூட்டைகளுக்கு நடுவே
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
பிங் அடித்தால் உடனே பதில்.
கேபிள் மாற்றினேன்.
சுவிட்சை அணைத்துப் போட்டேன்.
ஃபயர்வாலை ஒரு நிமிடம் இறக்கியும் பார்த்தாயிற்று.
"எலி கடிச்சிருக்குமோ?" என்கிறார் கணக்கர் உச்சிமாகாளி.
போன மாசம் எலிதான்.

சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து கேட்டால்
ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது:
ஆவுடைத்தங்கம்,
ஐயாயிரத்து நானூறு பீடி, கழிவு முந்நூறு.
அதே ஆவுடைத்தங்கம்
பத்தடி தள்ளி, கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
பாஸ்புக்கால் விசிறிக்கொண்டு நிற்கிறாள்.

கடைசியில் அகப்பட்டது.
ராத்திரி அப்டேட்டில் மாறிப்போன ஒரே வரி:
நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.
தன் குரலுக்கு மட்டும் காது கொடு
என்று அதற்கு அர்த்தம்.

அழித்துவிட்டு நான்கு பூஜ்யம் போட்டேன்.
யார் கூப்பிட்டாலும் இனிக் கேட்கும்.
மூன்று திரையும் ஒன்றாய் விழித்தன.
ஃபயர்வாலை மறக்காமல் ஏற்றிவைத்தேன்.

"ஆவுடைத்தங்கம், கழிவு முந்நூறு."
"என் புக்குல எரநூறுதானய்யா கெடக்கு?"

உச்சிமாகாளி என்னைப் பார்க்கிறார்.
நான் பையை மூடுகிறேன்.