நாற்பத்தொன்றாம் கேள்வி

உங்கள் படிவத்தில் நாற்பது கேள்விகளுக்குக்
குறி போட்டுவிட்டேன், டாக்டர் நெவென்.
கிணறு: உண்டு, எட்டு மீட்டர் ஆழம்.
புகை: அவர் மட்டும், எண்பத்தெட்டு வரை.
வலி மாத்திரை: பல்வலிக்கு.
குடும்பத்தில் இதே நோயால் இறந்தவர்கள்:
கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றில் பேனா நின்றுவிட்டது.
வீட்டு ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வந்தது?

சாவா ஆற்றங்கரை. சாவுக்குக் குறைவில்லாத கரை.
தெருவின் இந்தப் பக்கம் ஏழு வீட்டில் ஆறு;
எதிர்ப் பக்கம் அதே காற்று, அதே மூடுபனி,
ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
முகம் மெல்லச் செம்பாகும்,
உள்ளங்கை மஞ்சளாகும்,
பிறகு தச்சனுக்கு ஆள் போகும்.
‘அந்த வீட்டுக்கா வாழ்க்கைப்படப் போகிறாய்,
நாற்பத்தைந்தில் கறுப்பு உடுத்தவா?’ என்றாள் அக்கா ரெஸா.
டுரோ அப்போது பிளம் மரத்தில் ஏறி
இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.
சிரித்துவிட்டேன். வந்துவிட்டேன்.

உங்களுக்கு முன்னால் வந்தவர்கள்
கிணற்றைச் சொன்னார்கள். மூடினோம்.
மலைக்கடியில் நிலக்கரி என்றார்கள்.
மலையை என்ன செய்வது?
சோளத்தில் பூஞ்சணம் என்றார்கள்,
பரணுக்கு வெள்ளையடித்தோம்.
வம்சத்திலேயே ஏதோ என்றார் கண்ணாடி போட்ட ஒருவர்.
அன்றிரவு டுரோ விளக்கை எடுத்துக்கொண்டு போய்
தூங்கும் பிள்ளைகளின் கன்ன நிறத்தைப்
பார்த்துக்கொண்டே நின்றார்.
நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் குழாயில் கட்டி.
இடது சிறுநீரகத்தைக் குழாயோடு எடுத்தீர்கள்.
காய்ந்த பேரிக்காய் அளவுதான் இருந்ததாம்.
ஒரு துண்டு உறைபெட்டிக்குப் போனது,
உறைபெட்டியிலிருந்து உங்கள் கருவிக்கு.
மரபணுவில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
வேறோர் எழுத்து, மறுபடி அதே மாற்றம், மறுபடி அதே.
ஒரு செடியின் கையெழுத்து இது என்றீர்கள்.

கையெழுத்து.
யார் கை என்று நீங்கள் கேட்கவில்லை.

அந்தச் செடியை எனக்குத் தெரியும்.
ஓநாய்த்தடம் என்போம்.
மஞ்சள் ஊதுகுழல் போல் பூ,
பிளந்தால் அடுக்கடுக்காக விதை.
ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.
ஆடு அறிந்ததை ஆலை அறியவில்லை.
கோதுமையோடு முளைத்து, கோதுமையோடு முற்றி,
கோதுமையோடு அறுபட்டு வரும்.
சலித்தேன்தான். கல்லைப் பொறுக்கினேன்,
எலிப்புழுக்கையைப் பொறுக்கினேன்.
அரைபட்ட விதைக்கு என்ன நிறம்? மாவின் நிறம்.

கசந்ததா என்று அடுத்த முறை கேட்பீர்கள்.
இல்லை.
கசந்திருக்கலாம், பாவி ரொட்டி.

எதிர்வீட்டு வெரோனாவுக்கு வயல் கிடையாது.
வாழ்நாளெல்லாம் கடை மாவு.
நம் அடுப்பு ரொட்டி வாசம் அவளுக்கு வாய்க்கவில்லையே என்று
ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ரொட்டி
துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.
அவளையும் பரிசோதியுங்கள்.
அவளிடம் காரணம் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

மருந்து உண்டா என்றேன் அன்று.
போனதை மீட்க இல்லை, இருப்பதைக் காக்கலாம்,
மிச்சமுள்ள குழாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்றீர்கள்.
பொய் சொல்லாததற்கு நன்றி.
இத்துடன் என் குப்பியும் இருக்கிறது,
மூடியில் மாண்டா என்று எழுதியிருக்கும்.
முப்பத்தொரு வருடம் அதே ரொட்டியின் மறுபாதி
நான் தின்றது.

திங்கள், புதன், வெள்ளி.
நாலு மணி நேரம் அவர் ரத்தம்
வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது.
முடிந்ததும் நர்ஸ் அங்கிட்சா
ஒரு வெள்ளை பன் தருவாள், ஆலையில் செய்தது, பஞ்சு மாதிரி.
டுரோ அதைக் கவிழ்த்து
அடியில் விரலால் தட்டிப் பார்ப்பார்.
என் ரொட்டியை அப்படித்தான் தட்டுவார்;
உள்ளே வெந்திருந்தால் கதவு தட்டும் சத்தம் வரும்.

பன்னில் சத்தம் வராது.
என்னைப் பார்ப்பார்.
‘இது வேகவே இல்லை, மாண்டா’ என்பார்.

அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

41: எங்கள் வயல்.